நார்மல் என்று எழுதிய குழாய்

திரையில் ஓடிய கோட்டில் இரண்டாவது முகடு எழுந்தபோது மெஷின்காரரின் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. ஆய்வகத்துக்குள் தின்னக்கூடாது என்று சுவரில் அவரே ஒட்டி வைத்த காகிதத்துக்கு நேர் கீழே நின்றுதான் தின்றுகொண்டிருந்தார். மீதிப் பாதியை அவசரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"நார்மல் அக்கா, கொஞ்சம் இங்க வாங்க. உங்க குழாயில யாரோட ரத்தமோ கலந்துடுச்சு போல."

அந்த இடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பரிசோதனையை ஆரம்பித்தபோது, தினமும் நோயாளிகளின் ரத்தத்தோடு சேர்த்து ஓட்டுவதற்கு, கோளாறு இல்லாத ஒரு ரத்தம் தேவைப்பட்டது. அது சரியாக வந்தால் அன்றைக்கு மெஷின் சரி, சோதனைக்கு ஊற்றும் மருந்து சரி, மற்றவர்களுக்கு வரும் முடிவும் சரி. வெளியிலிருந்து வரவழைத்தால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். காத்திருக்கும் சுபாவம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. கையைச் சுருட்டி நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை அவள் ரத்தம் எடுத்து, பிரித்து, சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து உறைபெட்டியில் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் குண்டு குண்டான எழுத்தில் அவளே 'நார்மல்' என்று எழுதுவாள். முதலில் குழாய்க்கு வந்த பெயர் பிறகு ஆளுக்கும் வந்துவிட்டது. கேன்டீன்காரர்கூட "நார்மல் அக்காவுக்குச் சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்றுதான் குரல் கொடுப்பார்.

பரிசோதனை என்னவென்றால், எண்ணுவது. மூளை வளர்வதற்கு வேண்டிய மரபணு ஒன்று. அதன் முன்வாசலில் மூன்றே மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும், குழந்தை ஒரே சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது போல. எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாலு வயதாகியும் பேச்சு வராத, முகம் பார்க்காத, கையை உதறிக்கொண்டே இருக்கும் பையன்களைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். டாக்டர் சொன்னது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கவுன்டருக்கு வந்து அவளிடம் மறுபடியும் கேட்பார்கள். அவளிடம் எல்லோருக்கும் ஒரே கதைதான்.

"ஒருத்தர் உங்க வீட்டுக் கதவைத் தட்டறார்னு வெச்சுக்கோங்க. முப்பது தட்டு தட்டறார். போய்த் திறப்பீங்க. எண்பது, நூறுன்னு தட்டினா? பதறிப் பதறி ஓடி வந்து திறந்துட்டே இருப்பீங்க. வேற வேலை ஓடாது, உடம்பு ஓய்ஞ்சு போகும். இருநூறைத் தாண்டிடுச்சுன்னா? பயந்து போய்த் தாழ்ப்பாள் போட்டு, விளக்கை அணைச்சுட்டு, மூச்சுக் காட்டாம உள்ள உக்காந்துடுவீங்க இல்ல? உங்க பையனுக்கு அதான் நடந்திருக்கு. வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஆளும் உள்ளதான் இருக்காங்க. கதவுதான் திறக்க மாட்டேங்குது."

"அப்ப அது எப்பங்க திறக்கும்?" என்று ஒரு தடவை ஒருத்தி கேட்டாள். அதற்கு அவளிடம் கதை இல்லை.

பெண்களுக்கு இந்த வாசல் இரண்டு. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் திரையில் ஒரு முகடு எழும், அதனால் இரண்டு வரும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஒற்றை முகடாகத் தெரியும். அவளுக்கு எப்போதும் ஒற்றை, முப்பதில். அப்பாவிடமிருந்து முப்பது, அம்மாவிடமிருந்து முப்பது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒற்றை முகடு வந்த பெண்கள் பயந்துபோய் நின்றால் தைரியம் சொல்லுவாள்: "எனக்கும் ஒத்தைதாம்மா. நான் உருண்டையா முன்னாடி நிக்கலையா?" இரண்டாவது வாசல் பழைய மருந்துக்கு எட்டாத அளவு நீளமாக இருந்தாலும் திரையில் ஒற்றைதான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பாடத்தில் படித்ததுதான். அடுத்தவர் தாளில் அந்தச் சந்தேகம் எப்போதாவது வந்திருக்கிறது. தன் குழாயில் வந்ததே இல்லை. நார்மல் என்று எழுதியிருந்த குழாயை யார் சந்தேகப்படுவார்கள்?

இன்றைக்குப் புது மருந்து. நீளமானதையும் எட்டிப் பிடிக்கும் என்று சொல்லித்தான் வாங்கியிருந்தார்கள். சரிபார்க்க முதலில் ஓட்டியது அவள் குழாய்.

முப்பதில் ஒரு முகடு. தள்ளி, குள்ளமாக, பக்கத்தில் குட்டிக் குட்டியாகப் பல்வரிசையோடு இன்னொன்று. எண்பத்தெட்டு.

"கலக்கலைங்க" என்றாள்.

"நீங்க இருங்க, நான் வேற குழாய் எடுத்து ஓட்டறேன்."

"பழசு மூணு எடுங்க. வேற வேற வருஷத்துது. புதுசாவும் ஒண்ணு குத்திக்கறேன்."

மாலைக்குள் நாலும் ஓடின. நாலிலும் எண்பத்தெட்டு. மெஷின்காரர் பையிலிருந்த பாதி பிஸ்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். மனுஷர் பிஸ்கட்டைக் குப்பையில் போட்டு அவள் அதுவரை பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அவள் பஸ் ஏறவில்லை. நடந்தாள். முப்பத்தாறு வயதில் மாதவிலக்கு நின்றுபோனது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் பிள்ளைக்காக டாக்டர் மாற்றி டாக்டர், மாத்திரை மாற்றி மாத்திரை. எல்லாத் தாளிலும் கடைசி வரி 'காரணம் தெரியவில்லை'. கணவர் நல்ல மனிதர்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு, சின்ன வயதில் ஓயாமல் ஓடியதற்கு, வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடந்ததற்கு என்று அவள் தன்னைத்தானே ராத்திரி பகலாகத் திட்டிக்கொண்டிருந்தாள். எண்பது, நூறு உள்ள பெண்களுக்கு மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிடலாம். இத்தனை நாளும் காரணம் அவள் நாற்காலியிலிருந்து ஐந்தடி தள்ளி, உறைபெட்டியின் மூன்றாவது தட்டில், அவள் கையெழுத்தோடு இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. தெருமுனையில் நின்று சிரித்தவளை, பழ வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் கால் நின்றது அதற்காக அல்ல. எண்பத்தெட்டு யாரிடமிருந்து வந்தது? அம்மாவிடமிருந்து என்றால் தங்கைக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆயிற்று, கேட்க முடியாது. அப்பாவிடமிருந்து என்றால் 'லாம்' எல்லாம் கிடையாது. ஆணுக்கு இந்த வாசல் ஒன்றே ஒன்று. அதை மகன்களுக்குத் தரமாட்டான், மகள்கள் அத்தனை பேருக்கும் தவறாமல் தருவான். அப்பாவிடமிருந்து வரும்போது எண்ணிக்கை அடக்கமாக இருக்கும். அந்த மகள் தன் பிள்ளைக்குத் தரும்போதுதான் எகிறும். எண்பது ஒரே தாவலில் முந்நூறாகும், ஐந்நூறாகும். கதவு சாத்திக்கொள்ளும்.

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. ஆறு வருஷமாகக் கை நடுங்குகிறது. கப்பல் தளத்தில் நடப்பவர் போலக் காலை அகட்டி அகட்டி வைக்கிறார். வயசு என்றார் ஒரு டாக்டர், நரம்பு என்றார் இன்னொருவர்.

தங்கைக்கு வயிற்றில் பதினைந்து வாரம்.

மறுநாள் காலையில் தலைமை டாக்டர் அம்மா அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ பெரிது என்று அர்த்தம்.

"ஒத்தை பீக் வந்த பொம்பளைங்க எத்தனை பேருக்கு நார்மல்னு எழுதிக் குடுத்திருக்கோம்?"

"அறுபத்து மூணு பேர் மேடம்."

"எண்ணிட்டே வந்திருக்கியா?"

"எண்ணறதுதானே வேலை."

"எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்கணும். வேற யார்கிட்டயாவது தரட்டுமா?"

"நானே பேசறேன். நான்தானே தைரியம் சொன்னேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உன் தங்கச்சி?"

"சொல்லணும் மேடம்."

"எப்ப? பதினாறு வாரத்துல பிள்ளையைச் சுத்தி இருக்கற தண்ணி எடுத்துப் பாக்கலாம். முடிவு வர ரெண்டு வாரம். நீ கணக்குத் தெரியாதவ இல்ல."

அந்தப் புதன்கிழமை முழுக்க அவள் ஃபோனில் பேசினாள். "வணக்கம்மா, உங்களுக்கு ஆறு வருஷம் முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்தோம். இப்ப புது மருந்து வந்திருக்கு, இன்னும் தெளிவாத் தெரியும். ஒரு தடவை திரும்ப ரத்தம் குடுத்துட்டுப் போறீங்களா? பயப்பட வேண்டாம், தெரிஞ்சுக்கறது நல்லது." மூன்றாவது பெண்ணிடம் பேசுவதற்குள் வாக்கியம் வழவழவென்று ஆகிவிட்டது. எட்டாவது பெண் "நீங்கதானே எனக்கும் ஒத்தைதான்னு சொன்னீங்க?" என்று கேட்டபோது மட்டும் வாக்கியம் தடுக்கியது. "ஆமாம்மா, நான்தான். எனக்கும் இப்பதான் தெரிஞ்சுது" என்றாள்.  பிறகு, "நீங்க நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண். முன்பின் தெரியாதவள்.

ஒன்பதாவது ஆளுக்கு எண்ணைச் சுழற்றும்போது தங்கையே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பச்சையா மஞ்சளா?"

"என்னது?"

"ரூமுக்குப் பெயின்ட்டுடி! இவர் மஞ்சள்ங்கறார். மஞ்சள் அடிச்சா தபால் ஆபீஸ் மாதிரி இருக்கும்ங்கறேன். நீ சொல்றதுதான் கடைசி."

சொல்ல வேண்டியது நாக்கின் நுனிக்கு வந்தது. வழவழப்பான வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. "பச்சை" என்றாள்.

"பாத்தீங்களா! அக்கா பச்சைங்கறா!" என்று தங்கை அந்தப் பக்கம் யாரிடமோ கத்துவது கேட்டது.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனாள். அப்பா இந்த இரண்டு மாதம் அங்கேதான். அது அவர் போட்ட சட்டம். பெரியவள் வீட்டில் இரண்டு மாதம், சின்னவள் வீட்டில் இரண்டு மாதம், ஒருநாள் கூடாது, ஒருநாள் குறையாது. சின்ன வயதில் ஆப்பிளை நறுக்கினால் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். கை தராசு மாதிரி என்று பேர்.

தங்கை வேலை முடிந்து கடையிலிருந்து வந்திருக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள், நினைத்ததற்குக் கூசவும் செய்தாள்.

"கையை நீட்டுங்கப்பா. சர்க்கரை பாக்கணும்."

"போன மாசம்தானேம்மா பாத்தே?"

"திரும்பப் பாக்கணும்."

கேள்வி கேட்காமல் நீட்டினார். எதற்கென்று சொல்லாமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக்கூடாது என்று புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் அவள். நடுங்கும் கையை மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்த பிறகும் விரல்கள் மட்டும் மேசையை டக் டக் டக்கென்று தட்டின.

"முட்டை மேல கன்டெய்னரை வெச்சு எடுத்த கைம்மா இது. ஓடு விரிசல் விடல."

"தெரியும்பா."

"உன் தங்கச்சி நம்ப மாட்டேங்கறா. வேகவெச்ச முட்டையாங்கறா."

ஊதா மூடிக் குழாய் நிறைந்ததும் ஊசியை எடுத்துவிட்டுக் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினாள், கவிழ்த்து நிமிர்த்தினாள்.

"எதுக்கு அதைத் தாலாட்டறே?"

"உள்ள இருக்கற மருந்து கலக்கணும்பா. இல்லன்னா ரத்தம் உறைஞ்சிடும். எட்டுத் தடவை."

"அதுக்கும் கணக்கா!" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை பெயரில்லாமல் ஓட்டினாள். ஒற்றை முகடு. எண்பத்தாறு. 'லாம்' போய்விட்டது.

வெள்ளிக்கிழமை இன்னும் பத்துப் பேரோடு பேசினாள். மொத்தம் பத்தொன்பது. அன்றைக்கு எந்த வேலையையும் உட்கார்ந்து செய்ய முடியவில்லை. கழுவிய கண்ணாடிக் குடுவைகளை மறுபடி கழுவினாள். மாடிப்படி ஏறும்போது எண்ணினாள், இறங்கும்போதும் எண்ணினாள், ஏதோ இறங்கும்போது ஒன்று குறையப்போவது போல. மெஷின்காரர் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "அக்கா, நீங்க உக்காந்தாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்றார். உட்கார்ந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. அதைக் குனிந்து பார்த்தாள். இதுவும் அப்பாவின் நடுக்கம்தானா, இல்லை வெறும் பயமா? இனி ஒவ்வொரு தடவை டீக்கோப்பை ததும்பும்போதும் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டில் பெயின்ட் வாசம். தரையெல்லாம் பழைய செய்தித்தாள். தங்கையின் கணவர் பாதி அடித்துவிட்டு, பாக்கிக்குப் பெயின்ட் வாங்கப் போயிருந்தார். அறைக் கதவை இரண்டு பக்கமும் அடித்து முடித்து, 'ஈரம்! தொடாதே!' என்று எழுதிய அட்டையைக் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல பச்சை. ஈரத்தில் பளபளத்தது.

அப்பா சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, படிப்பது போல உட்கார்ந்திருந்தார். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் சொல்பவள். லீவு நாளிலும் யாராவது கண்ணாடி போட்டு வந்தால் பிடுங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசுவாள். அக்காவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வந்ததுலேர்ந்து அந்த ஸ்டூலை நாலு தடவை தூக்கி வெச்சுட்டே. உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணு சொல்லணும். நீ முதல்ல உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். நீதான் நிக்கறே."

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாததால் தங்கையின் முகம் கலங்கலாக இருந்தது, அதுவும் ஒரு சௌகரியமாகத்தான் இருந்தது. "ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டறார்னு வெச்சுக்கோ" என்று ஆரம்பித்தாள்.

"அக்கா." தங்கை துடைப்பதை நிறுத்தினாள். "இந்தக் கதவுக் கதை உன் கவுன்டருக்கு வர்றவங்களுக்குச் சொல்றது. நூறு தடவை கேட்டிருக்கேன். எதுக்கு எனக்குச் சொல்றே?"

சொன்னாள். முப்பது, எண்பத்தெட்டு, தன் உடம்பு சீக்கிரமே ஓய்ந்துபோனது, புதன்கிழமை எடுத்த ரத்தம், எண்பத்தாறு. மகள்களுக்குத் தவறாமல் போகும் என்றாள். பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி என்றாள். போனால் எகிறலாம், எகிறாமலும் இருக்கலாம், பெண்ணாக இருந்தால் பாதிப்பு கொஞ்சம் குறையலாம், உன் எண் எத்தனை என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு தண்ணி எடுத்துப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றாள். கவுன்டரில் வழவழவென்று வரும் வாக்கியங்கள் இங்கே ஒவ்வொன்றும் முள் முள்ளாக வந்தன.

தங்கை கண்ணாடியை அவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உனக்கு என்னிக்குத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"புதன்கிழமை நான் உன்கிட்ட பச்சையா மஞ்சளான்னு கேட்டேன். நீ பச்சைன்னே."

"அப்ப அப்பாது நிச்சயமாகல..."

"அப்பாவுக்குச் சர்க்கரைன்னு சொல்லி எடுத்தது இதுக்குத்தானா? பாவம் மனுஷன் மூணு நாளா டீல சர்க்கரை போட்டுக்கல, தெரியுமா?" குரல் ஏறியது. அவள் கண் அக்காவின் கைப்பைமேல் போயிற்று. சட்டென்று இழுத்துத் திறந்தாள். ஊசி, பஞ்சு, ரப்பர் பட்டை, ஊதா மூடிக் குழாய். "கொண்டே வந்திருக்கே. நான் என்ன சொல்லுவேன்னு கேக்கறதுக்கு முன்னாடியே கொண்டு வந்திருக்கே. நீ எனக்கு அக்காவா வந்தியா, லேபா வந்தியா?"

"தெரியல" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை.

"தினம் நாப்பது பேருக்கு நம்பர் சொல்றவ நான். நம்பர் தெரிஞ்சா கண்ணாடி போட்டு விடலாம். இதுக்கு என்ன கண்ணாடி வெச்சிருக்கே, சொல்லு. வெச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நம்பர்?"

"எனக்கு யாராவது சொல்லியிருந்தா நான்..." திறந்து கிடந்த பையை மூடினாள். "பிள்ளை வந்திருக்காது. அது தெரியும். ஆனா பதினாலு வருஷம் என்னையே திட்டிட்டு இருந்திருக்க மாட்டேன்" என்றாள். "நீ எதையும் பண்ணணும்னு நான் சொல்லல. வெச்சுக்கறதோ, வேணாம்ங்கறதோ, ஒண்ணுமே பாக்காம விடறதோ, உன் இஷ்டம். தெரியாம மட்டும் நடக்க வேணாம்னுதான்."

பேப்பர் சரசரத்தது. அப்பா அதை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பு எங்கும் பொருந்தவில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிட்டுக் கேட்டார்.

"எங்கிட்டேர்ந்தா பெரியவளே?"

"ஆமாப்பா."

"இந்தக் கை ஆடறதும் அதனாலதானா?"

"அப்படித்தான் இருக்கும்பா."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். மேசைமேல் இருந்த இரண்டு கைகளையும் திருப்பி, உள்ளங்கைகளைப் பார்த்தார், பழைய ஆப்பிள் பாதிகள் அங்கே இருப்பது போல. "எதையும் நான் சமமாத்தான் குடுப்பேன்" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார் என்பது அவர் முகம் பாதியில் கோணியபோதுதான் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு தங்கை சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, "வேகவெச்ச முட்டை" என்று என்னவோ சொல்ல வந்து சொல்ல முடியாமல் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காவின் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கைப்பிடியில் அட்டை ஆடி ஆடி நின்றது. 'ஈரம்! தொடாதே!'

அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கை தானாக மடங்கி உயர்ந்தது. பச்சைக்கு அரை விரல் தூரத்தில் நின்றது. தட்டினால் பெயின்ட்டில் முட்டிக் குழி விழும், காய்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். அதற்காக நின்றதா, வேறெதற்காகவோ, அவளுக்கே விளங்கவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவின் இந்தப் பக்கத்து ஈரத்தில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து ஸ்டூலை ஐந்தாவது தடவையாகத் தூக்கி, சுவரோரம் வைத்து, அதில் உட்கார்ந்தாள்.

"திட்டுவாளா என்னை?" என்றார் அப்பா.

"உங்களை எதுக்குப்பா?"

"அது சரி. எதுக்கு." விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அடக்க ஒரு கையை இன்னொரு கையால் மூடினார். இப்போது இரண்டும் சேர்ந்து தட்டின. "பொய் சொல்லி எடுத்துட்டியே. கேட்டா குடுக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீங்க."

"அப்புறம்?"

அவள் எழுந்து போய் டீ போட்டாள். அவர் கோப்பையில் மூன்று நாள் சர்க்கரையையும் சேர்த்துப் போட்டதில் வாயில் வைக்க முடியாத இனிப்பு. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

கோப்பை காலியாகி வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. தங்கை கதவின் விளிம்பைத் தொடாமல், பாதத்தால் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். இடது கைச் சட்டை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தது.

"வலிச்சா உன்னைக் கொன்னுடுவேன்."

"குட்டி, இப்பவே வேணாம். திங்கக்கிழமை டாக்டர் அம்மாவைப் பாத்துப் பேசிட்டு..."

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட வரேன். தண்ணி எடுக்கறதா வேணாமான்னு அங்க போய் யோசிக்கறேன். அதுக்கு மேல எதுவும் இன்னிக்கு என்கிட்ட கேக்காதே. இதை நீ எடு. முன்பின் தெரியாதவ எடுக்க வேணாம்." உட்கார்ந்து, கையை மேசைமேல் நீட்டினாள். அப்பாவின் கைகளுக்குப் பக்கத்தில். "நம்பர் வந்தா நானா கேக்கற வரைக்கும் சொல்லக்கூடாது. ஃபோன் பண்ணா பெயின்ட்டைப் பத்திப் பேசு."

"சரி."

"மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவேன், அது வேற விஷயம்."

பட்டையைக் கட்டினாள். நரம்பு உடனே எழும்பியது. இவளுக்கு எப்போதும் அப்படித்தான், தன்னைப் போலவே. ஊசி நுழைந்தபோது தங்கை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடையில் மற்றவர் கண்ணுக்குள் பார்ப்பது போல அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் நிறைந்தது. பஞ்சு வைத்து அழுத்தி, கையை மடக்கிவிட்டாள். அப்பா தன் ஆடும் விரலால் அந்தப் பஞ்சை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். "விடுங்கப்பா, கூசுது" என்றாள் தங்கை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ரத்தம் எடுத்த இடத்திலேயே, ஆள் எதிரிலிருக்கும்போதே குழாயில் எழுதிவிட வேண்டும். அது விதி. எழுதாத குழாயோடு ஒரு அடி நகர்ந்தால் ஆய்வகத்தில் அவள் போடும் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும். பேனாவை எடுத்து அதன் மூடியைத் திறந்தாள். வெள்ளைச் சீட்டு ஒரு விரல் அகலம் இருந்தது. இதே அகலச் சீட்டில் பதினொரு வருஷம் ஒரே சொல்லை எழுதிய கை, பழக்கத்தில் அதன் முதல் எழுத்தின் வளைவுக்குப் போயிற்று. நிறுத்தினாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

குழாய் கையில் சூடாக இருந்தது. கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். உறையக்கூடாது. கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். பக்கத்தில் அப்பாவின் விரல் தங்கையின் கைமேல் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தமும் பெயின்ட் டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமும் கேட்டன. எட்டு எப்போதோ ஆகியிருக்க வேண்டும். சிவப்பு ஒரு பக்கம் ஓடி, காற்றுக்குமிழி மறுபக்கம் ஏறி, மறுபடி இறங்கியது. எத்தனையாவது என்று தங்கை கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.